கடைசி பெஞ்சுக்குத் தெரியாத ஸ்லைடு

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். திறன்மிகு வகுப்பறைகளுக்குத் திரையும் புரொஜெக்டரும் வந்துவிட்டன. அவற்றில் ஓடும் ஸ்லைடுகளைப் பற்றியது இந்த மடல்.

முதலில் எழுத்தின் அளவு. ஆங்கிலத்துக்கு 24 பாயிண்ட் போதும் என்பார்கள். தமிழுக்குப் போதாது. நம் எழுத்தில் புள்ளியும் சுழியும்தான் பொருளை மாற்றுகின்றன. தூரத்தில் முதலில் மறைவதும் அவைதான். 28க்குக் குறையாமல், வரி இடைவெளி 1.2 அல்லது 1.3 வைத்தால் மேல்வரியின் கீழ்ச்சுழி கீழ்வரியின் புள்ளியோடு மோதாது. சோதிக்க எளிய வழி உண்டு. திரையில் விழும் படம் 6 அடி அகலம், கடைசி பெஞ்சு 27 அடி தள்ளி என்றால் தூரம் அகலத்தைப் போல நாலரை மடங்கு. மடிக்கணினித் திரை ஏறத்தாழ பதின்மூன்றரை அங்குல அகலம். அதிலிருந்து 5 அடி விலகி நின்று பாருங்கள். புள்ளி தெரியாவிட்டால் கடைசி பெஞ்சுக்கும் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். புரொஜெக்டருக்குக் கறுப்பைக் காட்டத் தெரியாது. ஒளி விழாத இடத்தில் திரையின் நிறமே தெரியும். ஜன்னல் திறந்த வகுப்பில் கருநீலப் பின்னணி சாம்பலாக வெளுத்துவிடும், அதன் மேலுள்ள எழுத்தும் மங்கிவிடும். அங்கே வெள்ளையில் கறுப்புதான் சரி. திரையை ஒட்டிய டியூப்லைட்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் இருந்தால், பிள்ளைகள் குறிப்பெழுதும் வெளிச்சத்தைக் கெடுக்காமல் அதை மட்டும் அணைக்கலாம். கட்டடப் பிரிவுக்கு இதைச் சொல்லிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

ஆனால் வகுப்பு அதிகம் கெடுவது உள்ளடக்கத்தால். பாடநூல் பத்தியை அப்படியே ஒட்டி, ஆசிரியர் அதையே வாசிக்கிறார். அவர் முதல் வரியில் இருக்கும்போது பிள்ளை மூன்றாம் வரிக்குப் போய்விடும். கண்ணில் ஒரு சொல், காதில் இன்னொரு சொல், இரண்டும் நிற்பதில்லை. திரையில் படம், வாயில் விளக்கம் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பு இதயப் படத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லாப் பெயர்களையும் ஒரே ஸ்லைடில் போட்டால் அது மனப்பாடப் படம். வெற்றுப் படத்தில் தொடங்கி, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கட்டம் தோன்றட்டும்: வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. நுரையீரலுக்கு முன் நிறுத்தி, "இங்கே ரத்தத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடியாவது காத்திருக்க வேண்டும். ஒரு விநாடியில் நாமே பதில் சொல்லிவிடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. இதயத்தின் வலப்பக்கம் படத்தில் இடப்பக்கம் இருப்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதி வகுப்பு கடைசிவரை குழம்பும். தலைப்பும் வெறுமனே "இதயம்" என்று நிற்காமல், "ரத்தம் ஒரு சுற்றில் இதயத்துக்கு இருமுறை வருகிறது" என்று செய்தி சொல்லட்டும்.

இப்படி நடத்தினால் 45 நிமிட வேளைக்கு எட்டு, பத்து ஸ்லைடுக்கு மேல் தேவைப்படாது. கணக்குக்கு அதுவும் வேண்டாம். சாக்பீஸ் நகரும் வேகம் பிள்ளை யோசிக்கும் வேகம். தீர்வை ஸ்லைடில் மொத்தமாகக் கொட்டினால் அந்த யோசனைக்கு இடமிருக்காது. கரும்பலகைக்குத் திரும்பும்போது பவர்பாயிண்டில் 'B' விசையை அழுத்தினால் திரை இருளும், மறுபடி அழுத்தினால் வரும். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் விசை ஏமாற்றும், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவைதான். மாதிரி ஸ்லைடுகளைத் திருத்தக்கூடிய கோப்பாகத் தாருங்கள். காணொளியாக மட்டும் வந்தால் எங்கே நிறுத்துவது, எதை நீக்குவது என்று அந்த வகுப்பை அறிந்த ஆசிரியர் முடிவெடுப்பது கடினம். எழுத்து யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் இருக்கட்டும். 2010லேயே தமிழக அரசு ஏற்ற தரம் அது. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்து, கூடவே பிடிஎஃப் நகல் ஒன்றும் வைத்தால் பாதுகாப்பு. பிடிஎஃப்பில் அசைவு ஓடாது என்பதால் ஒவ்வொரு கட்டமும் அதில் தனிப் பக்கமாக இருக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஸ்லைடு செய்யும் பயிற்சிக்குப் பதில் ஸ்லைடைக் குறைக்கும் பயிற்சி ஒருநாள் வையுங்கள். ஆளுக்கொரு பாடத்தின் முப்பது ஸ்லைடைக் கொண்டுவந்து, மாலைக்குள் பத்தாக்கட்டும். பள்ளியைப் பார்வையிட வருவோர் முன்னால் நின்று திரை ஓடுகிறதா என்று பார்ப்பதோடு விடாமல், கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
வகுப்பறைத் தொழில்நுட்பப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள் சிலர்