பஞ்சில் வந்து நிற்கிறது

அன்புள்ள கமலா,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ அனுப்பிய பூவேலைத் துண்டுகளும் வந்து சேர்ந்தாகிவிட்டது. குவில்ட்டின், அதாவது மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வையின், மேல்பக்கம் தயார். நடுவில் வைக்கும் பஞ்சில்தான் வேலை நிற்கிறது.

“உள்ளேதானே கிடக்கப்போகிறது, எதையாவது வை” என்கிறாள் பானு. அவளுக்கு எல்லாமே சுலபம்தான்!

வெறும் ஒட்டுத்துணி என்றால் எங்கே வேண்டுமானாலும் தையல் ஓட்டலாம். பூவேலையின் மேல் ஊசி ஏற்ற முடியுமா? ஓரத்தை ஒட்டித்தான் தைக்க வேண்டும். நடுவே ஏழெட்டு அங்குலம் தையலே இல்லாமல் நிற்கும். சில பருத்திப் பஞ்சுகளுக்கு 3, 4 அங்குலத்துக்கு ஒரு தையல் விழுந்தாக வேண்டும். இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்க நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும். மெல்லிய வலை வைத்து அழுத்திய ரகம் 8, 10 அங்குலம்கூடத் தாங்கும். ஆனால் கையால் தைக்கும்போது அந்த வலையில் ஊசி இறங்காமல் விரல் நோகும். தவிர, பருத்தி முதல் துவைப்பிலேயே 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். நெருக்கி நிரப்பித் தைத்த பூ அதோடு சேர்ந்து சுருங்காது. சுற்றிலும் துணி சுருக்கம் விழ, பூ மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும்.

உனக்குப் பாலியஸ்டர்தான் உயிர், தெரியும். சண்டைக்கு வராதே. சுருங்காது, லேசு, சரி. ஆனால் தடித்ததை வைத்தால் தையல் விழாத இடம் தலையணை மாதிரி உப்பிவிடும். இழையும் ஊசித்துளை வழியாக மேலே கிளம்பி வரும். சரசு அக்காவின் கருநீலத் துண்டில் அப்படி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால்?

அந்தத் துண்டுதான் கமலா, மனதிலேயே நிற்கிறது. கொடியின் காம்புத் தையல் கடைசி இலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கோணிப் போகும், பார்த்திருக்கிறாயா? கை நடுங்க ஆரம்பித்த சமயம். உன் துண்டு கெட்டால் உன்னை மிரட்டி இன்னொன்று வாங்கிவிடுவேன். அதை இனி யார் போட்டுத் தருவார்கள்?

அதனால் மெல்லிய கம்பளிப் பஞ்சுதான். சின்ன மாதிரி ஒன்று தைத்துத் துவைத்தும் பார்த்துவிட்டேன். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, மடித்த தடம் தங்கவில்லை, ஓரத்தில் தைத்ததும் பூ லேசாக எழும்பி அவ்வளவு அழகு! கம்பளியிலும் இழை வெளியே வரும்தான். அதற்காகக் கருநீலத் துண்டுக்கு அடியில் அதே நிறத்தில் மெல்லிய துணி ஒன்று கொடுத்துவிடுகிறேன். உன் துண்டுகளுக்கும் அது தேவைதான். பின்பக்கம் எத்தனை முடிச்சடி, அன்றைக்குப் போலவே இன்றைக்கும்!

குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், படுக்கப்போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டு அலசினால் கம்பளி இறுகித் திரைந்துவிடும். பானுவுக்கு இதை எழுதியே கொடுக்கப்போகிறேன்.

அப்புறம் ஒன்று. கிளி மூக்குக்கு நீ போட்ட சிவப்பு நூல் சாயம் விடுமா? மிச்சம் இருந்தால் ஒரு முழம் உடனே அனுப்பு. நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் மூன்று அடுக்கையும் சேர்த்து இழையோட்டுவேன்.

அன்புடன்,
மீனா