தருமபுரி வாத்தியக்காரர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த வித்வான்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் மழையால் ஒரு தடவை தள்ளிப்போனது. மற்றபடி தவறாமல் நடந்தது. உறுப்பினர் அட்டைகள் புதுப்பித்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, வாத்தியக்காரர்களை ஊர் செய்யும் கேலியைப் பற்றித்தான். வைகாசியில் ஒரு கல்யாண மேடையில் குழுவை அறிமுகப்படுத்தியவர், தாளம் போட நின்ற நம் உறுப்பினரின் மகனைக் காட்டி, "இவர்தான் எங்களுக்கு ஜால்ரா" என்றார். மண்டபமே சிரித்தது. பையன் அன்று கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் இறங்கினான். அப்புறம் இரண்டு மாதம் தாளத்தைத் தொடவில்லை.

முகத்துதி செய்தால் ஜால்ரா. ஆமாம் போட்டால் ஒத்து ஊதுகிறான். தற்பெருமை பேசினால் தம்பட்டம். இரண்டு பக்கமும் அடி வாங்கினால் மத்தளம். வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் இப்படி ஒரு வசவு இருக்கிறதா? சுருதியையும் தாளத்தையும் பிடித்து நிற்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்கு வருத்தம்தான்.

அதனால் ஆனி மாதக் கூட்டத்தில் ஒரு விதி வைத்தோம்: அவரவர் வாத்தியத்தைப் பற்றி மட்டும் வேடிக்கை சொல்லலாம், அடுத்தவர் வாத்தியத்தைத் தொடக்கூடாது. இவ்வளவு சிரித்த கூட்டம் நம் சங்கத்தில் நடந்ததில்லை. நாதஸ்வரக்காரர், எதிரே உட்கார்ந்து புளியங்காயைக் கடித்துக் காட்டும் வாண்டுகளைப் பற்றிச் சொன்னார். வாயில் எச்சில் ஊறினால் ஊத முடியுமா? நம் பக்கம் புளிக்குப் பேர்போனது, பையன்களுக்குக் கேட்கவா வேண்டும்! பம்பைக்காரர் பெண் பார்க்கப் போன வீட்டில், அவர் தொடையில் விரலால் தட்டியதற்கே பாட்டிக்குச் சாமி வந்துவிட்டதாம். கரண்ட் போனால் கீபோர்டுகாரரும் ரசிகர்தான் என்பது கீபோர்டுகாரரே சொன்னது.

தவில்காரர், தான் வீட்டுக் கதவைத் தட்டினால் தெருவே எழுந்து வரும் என்றார். சொல்லிவிட்டு விரல் கூடுகளைக் கழற்றிச் சுற்றுக்கு விட்டார். துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தவை, கல் மாதிரி இருந்தன. உள்ளே அவர் விரலின் வடிவம் அப்படியே இருந்தது.

சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசித்துவந்த வயலின் உறுப்பினர் புதுச் செய்தி ஒன்று சொன்னார். மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் எல்லாரும் சேர்ந்து கேலி செய்வது வயோலாக்காரரைத்தானாம். பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிசு, சுருதி ஐந்து ஸ்வரம் கீழே. தனியாகக் காதில் விழாமல் நடுவில் நின்று இட்டு நிரப்புகிற வாத்தியம். ஆனால் அங்கே பேர்பெற்ற இசையமைப்பாளர்களான மொசார்ட், பீத்தோவன், டுவோர்ஷாக் மூவருமே வயோலா வாசித்தவர்கள். அங்கே வயோலாவுக்கு நேர்வது இங்கே, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழலுக்கு நேர்ந்திருக்கிறது.

அதைக் கேட்டுத்தான் நம் மூத்த உறுப்பினர் எழுந்து, பல வருஷம் பரணில் கிடந்த ஒத்தை எடுத்து ஊதினார். பார்க்க நாதஸ்வரம் போலத்தான், விரல் வைக்கத் துளை கிடையாது, ஒரே ஸ்வரம். கன்னத்தில் காற்றைச் சேர்த்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து, இழை அறாமல் ஊதினார். நாதஸ்வரம் ஆலாபனையில் ஏறியபோது சட்டென்று நிறுத்தினார். நாதஸ்வரம் அந்தரத்தில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்து ஊத ஆளைக் கூப்பிடுவது அரிதாகிவிட்டது. வசவு மட்டும் மிச்சம்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். மேடையில் தாளக்காரரைத் "தாளம்" என்றே, பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். குழுக்களிடம் நேரில் பேசியிருக்கிறோம். மன்றத்தில் தொங்கிய தண்ணுமை என்ற பறையில் காற்று மோதிய ஓசைக்கே "போர்" என்று எழுந்தவன் அதியமான் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அவன் ஆண்ட தகடூர் இது. இங்கே நாம் இதைக் கேட்பது அதிகமில்லை.

வைகாசியில் அப்படிப் பேசியவரும் பையன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். பையன் இப்போது ஆடி மாசத்துக் கோயில் வேலைகளுக்குப் போய்வருகிறான்.

மூத்தவர் தம் ஒத்தைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். வாயில் வைத்து ஊதும் சீவாளி புதிதாக வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். அது என் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அவரே வந்து சொல்லித்தருகிறார். பழக விரும்பும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்