ஒழுகும் மூலை, சுமை தாங்காத டயர்: டிராவல் டிரெய்லர் தொழிற்சாலைக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
டிரெய்லர் உரிமையாளர்,
கொலம்பஸ், ஒஹாயோ.

பெறுநர்:
மேலாளர், உத்தரவாதப் பிரிவு,
டிராவல் டிரெய்லர் தொழிற்சாலை,
எல்கார்ட் கவுண்டி, இந்தியானா.

பொருள்: 26 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடு; 2024 மாடல், இரட்டை ஆக்ஸில்) – உற்பத்திக் குறைகள் – தொழிற்சாலையிலேயே சரிசெய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட டிரெய்லர் வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. கீழே எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூடப் பயன்பாட்டால் வந்ததல்ல. எல்லாம் உங்கள் கூடத்தை விட்டு வெளியேறும்போதே இருந்தவை. டீலரிடம் இரண்டு முறை விட்டாயிற்று. இரண்டு முறையும் மேலே சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசித் திருப்பித் தந்துவிட்டார்கள். அதனால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன். ஒவ்வொரு குறையையும் எப்படி அளந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். உங்கள் ஆட்கள் அதே இடத்தில் அளந்து பார்க்கலாம்.

முதலில் தண்ணீர். முன்பக்க இடது மூலையின் உட்சுவரில் ஈரமானியை வைத்தால் 28 சதவீதம் காட்டுகிறது. மற்ற மூன்று மூலைகளிலும் 10 முதல் 12 வரைதான். காய்ந்த சுவர் 15-ஐத் தாண்டாது. 20-க்கு மேல் போனால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலையை மூடியிருக்கும் அலுமினியப் பட்டையின் வினைல் செருகியை உருவி, மேல் திருகுகளைக் கழற்றிப் பட்டையைச் சற்றுத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. பட்டைக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் ஒட்டுநாடாவான ப்யூட்டைல் டேப் மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். இங்கே கூரை விளிம்புக்கு மூன்று அங்குலம் இருக்கும்போதே டேப் நின்றுவிட்டது. விட்டுப்போன இடத்தை வெளியிலிருந்து ஒரு கோடு சீலன்ட் இழுத்து மறைத்திருக்கிறார்கள். பதினாறு திருகுகளில் ஐந்து, உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடிக்கவே இல்லை. விரலால் திருப்பினாலே கையோடு வருகின்றன. சட்டத்தைப் பிடிக்காத திருகால் பட்டை அழுந்தாது. பட்டை அழுந்தாவிட்டால் டேப் இருந்தும் பயனில்லை.

இது ஏன் அவசரமான விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் சுவர், மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகட்டை மூன்று மில்லிமீட்டர் லவான் ப்ளைவுட்டில் பசையால் ஒட்டி, பின்னால் நுரையும் அலுமினியக் குழாயும் வைத்துச் செய்தது. லவான் நனைந்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும், ஃபைபர்கிளாஸ் குமிழிபோல் எழும்பும். ஏற்கெனவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம் வந்திருக்கிறது. அது பரவினால் பிறகு பட்டையை மாற்றிப் பிரயோஜனமில்லை, சுவரையே மாற்ற வேண்டிவரும். சில டாலருக்கு ஒரு சுருள் டேப் கிடைக்கிறது. அதில் மூன்று அங்குலத்தை மிச்சம் பிடித்து ஒரு முழுச் சுவரைப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

டீலர் செய்தது நிலைமையை இன்னும் கெடுத்துவிட்டது. அந்த மூலையில் வீட்டுக் குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைப் பூசியிருக்கிறார்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. புது சிலிக்கானும் சரியாக ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்க முடியும். கூரையின் தட்டையான பரப்பில் தானே பரவும் சீலன்ட், செங்குத்தான பரப்பில் வழியாத சீலன்ட் என்று உங்கள் கையேட்டிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அதை உங்கள் டீலர்களே படிப்பதில்லை.

அதே கையேடு, 90 நாளுக்கு ஒருமுறை கூரை சீலன்ட்டைச் சோதிக்க வேண்டும், தவறினால் உத்தரவாதம் இல்லை என்கிறது. சோதித்ததற்குத் தேதியிட்ட படங்கள் இருக்கின்றன. ஆனால் பட்டைக்கு அடியில் டேப் இருக்கிறதா என்பதை எந்த உரிமையாளரும் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பார்த்திருக்க வேண்டியவர், பட்டையைத் திருகி மூடுவதற்கு முன் அங்கே நின்றவர்.

அடுத்தது டயர். தண்ணீர் ஒழுகினால் பணம் போகும், டயர் வெடித்தால் உயிர் போகும். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் மொத்த எடை வரம்பு 7,600 பவுண்டு. ஆக்ஸில் ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு. நீங்கள் மாட்டியிருப்பது எஸ்டி205/75ஆர்14 அளவில், லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) சி டயர். 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 1,760 பவுண்டு. நான்குக்கும் சேர்த்து 7,040. அதாவது இரண்டு ஆக்ஸில்களின் வரம்புக்கு மேல் வெறும் 40 பவுண்டு கையிருப்பு. நான்கு சக்கரத்திலும் எடை சமமாக இறங்கினால்தான் அந்த 40-ம் நிற்கும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, வெளியே நீளும் ஸ்லைடு அறை மூன்றையும் இடது பக்கமே வைத்து வடிவமைத்திருக்கிறீர்கள். சக்கரம் சக்கரமாக எடை போட்ட கணக்கு இது: வலது முன் 1,540, வலது பின் 1,510, இடது முன் 1,760, இடது பின் 1,810. இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குவது 860. மொத்தம் 7,480, உங்கள் வரம்புக்கு 120 பவுண்டு குறைவு. வரம்புக்குள் ஏற்றியும் ஒரு டயர் தன் சக்தியை மீறி ஓடுகிறது, இன்னொன்று விளிம்பில் நிற்கிறது. சாமான் அதிகம் ஏற்றினீர்கள் என்று டீலர் சொன்ன பதில் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

இதே அளவில் லோடு ரேஞ்ச் டி டயர் 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு தாங்கும். அதை மாட்டும்போது ரிம்மும் வால்வும் அந்தக் காற்றழுத்தத்துக்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கலாம்.

சக்கரங்களைக் கழற்றியபோது வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. லீஃப் ஸ்பிரிங்கின் முனைத் துளைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் நைலான் புஷ்கள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டன. இரண்டில் போல்ட் நேரே இரும்பில் உராய்கிறது. தேயும் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பது டீலரின் பதில். கிரீஸ் ஏற்றும் துளையுள்ள போல்ட்டும் வெண்கலப் புஷ்ஷும் போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, பிரேக். மின் பிரேக்கை இயக்கும் நான்கு காந்தங்களும் ஆளுக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் மூன்று சரியாக இருக்கின்றன. வலது பின் சக்கரம் 1.6 மட்டுமே காட்டுகிறது. கம்பிகளை அழுத்தி இணைக்கும் மலிவான பிளாஸ்டிக் கிளிப்பில் கோத்து, சாலைத் தண்ணீர் நேரே அடிக்கும் இடத்தில் மூடாமல் விட்டதால் செம்பு பச்சை பூத்திருக்கிறது. அங்கே சாலிடர் வைத்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டிருந்தால் பிரேக் நான்கும் ஒரே மாதிரி பிடித்திருக்கும்.

தண்ணீர்க் குழாய், மின்கம்பி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பம்புக்குப் பக்கத்திலுள்ள பெக்ஸ் (பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்) இணைப்பில் இறுக்கு வளையம் குழாய் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. முனையிலிருந்து எட்டில் ஒரு பங்கு முதல் கால் அங்குலம்வரை உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். பம்பு வடிகட்டி நிறைய மரத்தூளும் பிளாஸ்டிக் சீவலும். சட்ட இரும்பில் துளையிட்டுப் பேட்டரிக் கம்பியை இழுத்த இடத்தில் ரப்பர் வளையம் இல்லை; கம்பியின் உறை பாதி அறுந்துவிட்டது. எரிவாயு இணைப்பில் குறை எதுவும் இல்லை. ரெகுலேட்டர் சரியாக 11 அங்குல நீரழுத்தம் காட்டுகிறது, கசிவுச் சோதனையிலும் தேறியது. நன்றாகச் செய்த வேலையையும் சொல்லத்தான் வேண்டும்.

இவையெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். எல்கார்ட் வட்டாரத்தின் பல தொழிற்சாலைகளில், முடித்துத் தள்ளிய வண்டியைக் கணக்கிட்டே கூலி. ஒரு திருகு சட்டத்தைப் பிடிக்கவில்லை என்று கழற்றி மறுபடி போடுபவருக்கு அன்று வருமானம் குறையும். பக்கத்தில் நிற்பவர்களும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். குற்றம் அந்தத் தொழிலாளியின் கையில் இல்லை. அவருக்கு நிற்க நேரம் கொடுக்காத ஏற்பாட்டில் இருக்கிறது. 2021-இல் இந்தத் தொழில் 6,00,240 வண்டிகளை அனுப்பியது. அப்போது அவசரம், ஆள் பற்றாக்குறை, பாகப் பற்றாக்குறை என்றார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை 3,13,174-க்கு இறங்கிவிட்டது. என் வண்டி அதற்குப் பிந்தியது. அவசரம் போன பிறகும் டேப் மூன்று அங்குலம் குறைகிறது என்றால் அது பழக்கமாகிவிட்டது.

கதவருகே ஒட்டிய, இந்த வண்டித் தயாரிப்பாளர்களின் சங்க முத்திரையைக் காட்டி, எல்லாம் தரச்சோதனை முடிந்தது என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். அந்த முத்திரை, இத்தகைய வண்டிகளுக்கான என்எஃப்பிஏ 1192 என்ற பாதுகாப்புத் தரநிலையைச் சார்ந்தது. அதன் அக்கறை தீ, எரிவாயு, குழாய் அமைப்பு போன்ற பாதுகாப்பு விஷயங்களில். மூலை ஒழுகாது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நான் கேட்பவை இவை. வண்டியை உங்கள் செலவில் தொழிற்சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். முன் இடது மூலைப் பட்டையை முழுதாகக் கழற்றி, சிலிக்கானைச் சுரண்டி, ஈரம் 15-க்குக் கீழே இறங்கும்வரை காயவைத்து, கெட்ட மரத்தையும் பிரிந்த சுவர்ப் பகுதியையும் மாற்றுங்கள். பிறகு இடைவெளியில்லாத புது ப்யூட்டைல் டேப்பும் துருப்பிடிக்காத திருகும் போட்டு மூடுங்கள். மற்ற மூன்று மூலைகளிலும் திருகுகளைச் சோதியுங்கள். முடித்தபின் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்யுங்கள்: கூரைத் துவாரத்தில் ஊதியை வைத்து உள்ளே அழுத்தம் ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். அதன் முடிவு எழுத்தில் வேண்டும். டயர் நான்கும் லோடு ரேஞ்ச் டி ஆக மாற வேண்டும். புஷ், பிரேக் கம்பி, பெக்ஸ் இணைப்பு, பேட்டரிக் கம்பி நான்கும் மேலே சொன்னபடி சரியாக வேண்டும். உத்தரவாதக் காலத்தை, வண்டி உங்களிடம் இருக்கும் நாட்களுக்கு ஈடாக நீட்டித்துத் தர வேண்டும்.

டயரும் பிரேக்கும் இந்த ஒரு வண்டியோடு நிற்கும் குறைகள் அல்ல. இதே தரைத்திட்டத்தில், இதே டயரோடு போன ஒவ்வொரு வண்டியிலும் இடது பக்கம் இதே கதியில்தான் இருக்கும். ஆகவே அவ்விரண்டையும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தனியாகப் பதிவு செய்கிறேன். மற்றவற்றுக்கு 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் வண்டியை எடுத்துச் செல்லும் தேதியும் வராவிட்டால், 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி நீதிமன்றம் செல்வேன். ஈரமானி அளவுகள், எடைச் சீட்டுகள், டீலரின் இரண்டு பணிச் சீட்டுகள், படங்கள் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. கழற்றிய ஐந்து திருகுகளையும் ஒரு உறையில் வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்க வருபவரிடம் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் உரிமையாளர்