ஃப்ளோரா நீரூற்று யார் தந்த பரிசு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான மும்பைப் பயணக் கட்டுரையில், ‘ஃப்ளோரா நீரூற்று ஆங்கிலேய அரசு பம்பாய் மக்களுக்கு அளித்த பரிசு’ என்ற வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். 1974-இல் பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து, 31 ஆண்டுகள் அந்தச் சதுக்கத்தைக் கடந்தே அலுவலகம் சென்று வந்தவன் நான்.

கவர்னர் பார்ட்டில் ஃப்ரீயர் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்ட பின், சர்ச் கேட் வாயில் இருந்த இடத்தில் 1864-இல் அமைந்தது அந்த நீரூற்று. பைகுல்லாவில் உள்ள விக்டோரியா தோட்டத்தில் வைப்பதற்காகத் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று திட்டமிட்டு, ஃப்ரீயரின் பெயரையே சூட்ட எண்ணியிருந்தது. பின்னர் இடமும் மாறியது, பெயரும் ரோமானிய மலர்த் தேவதையின் பெயராயிற்று. செலவான 47,000 ரூபாயில் 20,000 ரூபாயைக் கொடுத்தவர் கர்செட்ஜி ஃபர்தூன்ஜி பாரேக் என்ற பார்சிப் பெருமகனார். வடிவமைத்த நார்மன் ஷாவும், செதுக்கிய ஜேம்ஸ் ஃபோர்சைத்தும், போர்ட்லண்ட் என்ற சுண்ணாம்புக் கல்லும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வூர்க்காரர் ஒருவர் இவ்வளவு பணம் கொடுத்திருக்க, அதை அரசின் பரிசு என்று எழுத எப்படி மனம் வந்தது?

இது முதல் முறையும் அன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீப்பந்தம் ஏந்திய இருவர் சிலையின் படத்தை அச்சிட்டு, அதன் கீழே ‘ஃப்ளோரா நீரூற்று’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். உடனே கடிதம் எழுதினேன். பதில் இல்லை, திருத்தமும் இல்லை. அது அருகில் உள்ள தியாகிகள் நினைவுச் சின்னம் என்பது தாங்கள் அறியாததல்ல. மகாராஷ்டிரம் தனி மாநிலமாக வேண்டும் என்று கேட்டுத் திரண்டவர்கள் மீது 1955 நவம்பர் 21 அன்று அங்கேதான் துப்பாக்கிச் சூடு நடந்தது. 15 பேர் இறந்தார்கள். சதுக்கத்துக்கு ஹுதாத்மா சௌக் (தியாகிகள் சதுக்கம்) என்ற பெயர் வந்ததும் அதனால்தான். என்னுடன் பணிபுரிந்த மராத்தியப் பெரியவர் ஒருவர், ஆண்டுதோறும் அந்த நாளில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கைகூப்பி நின்ற பிறகே அலுவலகத்துக்குள் வருவார். அவருக்கு அந்தப் படக்குறிப்பை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கட்டுரையாளர் ‘வெண்பளிங்குச் சிலை’ என்றும் எழுதியிருக்கிறார். அது பளிங்கு அன்று, மேலே சொன்ன போர்ட்லண்ட் கல். நான் வேலைக்குச் சென்ற காலமெல்லாம் அந்தக் கல்லின் மேல் வண்ணப்பூச்சு அடுக்கடுக்காகப் படிந்து, தேவதையின் ஆடை மடிப்பும் கீழேயுள்ள சிப்பிகளின் வரியும் மழுங்கிக் கிடந்தன. பூச்சுகளை நீக்கிப் புதுப்பித்து 2019 ஜனவரியில் திறந்தபோது, மனைவியுடன் ஒரு மாலையில் சென்றேன். கல்லின் சொந்த நிறத்தைக் கண்டு, “இத்தனை வருஷம் இதை நாம் பார்க்கவே இல்லையே” என்றாள்.

அடுத்த இதழில் பாரேக் அவர்களின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால், பழைய படக்குறிப்பையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மாட்டுங்கா, மும்பை.