முத்துவின் ஊசி அளவு குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய குறிப்பேட்டுப் படம் கிடைத்தது. இன்சுலின் மருந்தை ஏற்றியும் நம் பூனை முத்துவுக்குச் சர்க்கரை அடங்கவில்லை என்ற ஒரு வரியைத் தவிர நீ எதுவும் எழுதவில்லை. தொலைபேசியிலும் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடிக்கும் வரை அளவை மேலும் ஏற்றாதே.

படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். 1 யூனிட் போட்ட நாட்களில், ஊசிக்கு முன் எடுத்த சர்க்கரை அளவு 200ஐ ஒட்டியே நின்றிருக்கிறது. பிறகு திடீரென்று 340, 390, 410 என்று ஏறுகிறது. நீயும் 1ஐ 1.5 ஆக்கி, மூன்றே நாளில் 2 ஆக்கியிருக்கிறாய். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிரிஞ்ச் கிடக்கிறது. அதன் மூடி ஆரஞ்சு நிறம். அது உன் அம்மாவுடையது. சென்ற முறை வந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீ ஒரு பொட்டலம் எடுத்துப் போனாய். அம்மாவின் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட்; அந்தச் சிரிஞ்சின் கோடுகள் அதற்கென்றே போடப்பட்டவை. முத்துவின் குப்பியில் 40 என்று அச்சிட்டிருக்கும். 40 மருந்தை 100 சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 0.4 யூனிட்தான். நீ 2 என்று எழுதியிருக்கும் நாட்களிலும் அவனுக்குக் கிடைத்தது 0.8 மட்டுமே. அளவை ஏற்றிவிட்டதாக நீ நினைத்திருந்த நாட்கள் எல்லாம் அவன் பழைய 1 யூனிட்டைக்கூடப் பெறவில்லை. அவன் நோய் முற்றிவிட்டதென்று நீ கலங்கியிருப்பாய். அப்படி இருக்கத் தேவையில்லை, அம்மா.

இப்போதைய ஏற்றத்தைக் காட்டிலும் அடுத்து நடக்கக்கூடியதுதான் எனக்குப் பெரிய பயம். நாளைக்கே அவனுடைய 40 மருந்துக்கு உரிய சிவப்பு மூடிச் சிரிஞ்ச் வாங்கி வந்து, குறிப்பேட்டில் 2 என்றிருக்கிறதே என்று அதில் 2 கோடு இழுத்தாயானால், ஒரே வேளையில் இரண்டரை மடங்கு மருந்து அவன் உடம்பில் இறங்கிவிடும். இன்று இரவு ஊசிக்கு முன்பே மருத்துவரை அழைத்து, சிரிஞ்ச் மாறியதையும், நீயாகவே இரண்டு முறை ஏற்றியதையும் ஒளிக்காமல் சொல்லி, சரியான சிரிஞ்சில் எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டுக்கொள். ஆரஞ்சு மூடிகளை அவன் மருந்துக்குப் பக்கத்திலேயே வைக்காதே.

சிவப்பு மூடிச் சிரிஞ்ச் தீராமல் வாங்கி வைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு என்று நீ முன்பு பெருமையாகச் சொல்வாய். இரவுக் கட்டத்தில் அவருடைய சாய்ந்த எழுத்துதான் இருக்கும். இந்தப் படத்தில் பாதிப் பக்கத்துக்குக் கீழே இரண்டு கட்டங்களிலும் உன் எழுத்து; அதிகாலை 3 மணிக்கு எடுத்த அளவும் உன் எழுத்து. 12 மணி நேர இடைவெளி பிசகக் கூடாதென்று ஒரே ஆள் இரண்டு வேளையும் ஓடினால் உடம்பு தாங்காது. அரை மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது. நீ தூங்க வேண்டும்.

தடுப்பூசி நாளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட பெண் நீ. இன்று அவன் காது மடலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஓரத்து நரம்பில் மெல்லக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறாய் என்றால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். வீட்டில் நீ எடுக்கும் அளவே நம்பத் தகுந்தது. ஆனால் ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்து அளவை ஏற்றியது சரியல்ல. உன் அம்மாவுக்கு இத்தனை வருடங்களாக ஊசி போடுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருந்து முழு வேகத்தில் வேலை செய்யும் நேரத்தில் சர்க்கரை எதுவரை இறங்குகிறது என்று தெரியாமல் ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். பூனைக்கு அந்தத் தாழ்ந்த அளவு பெரும்பாலும் ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள் வரும். நீ வேலையில் இருக்கும் நேரம் அது. அதனால்தான் உன் குறிப்பேட்டில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. விடுமுறை நாள் ஒன்றில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஊசி வரை அளந்து எழுது. தாழ்ந்த அளவு 80க்குக் கீழே போனால் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். ஏற்ற வேண்டியிருந்தாலும், மருத்துவர் சொன்னபடி கால் அல்லது அரை யூனிட் ஏற்றிவிட்டு, குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துத்தான் அடுத்ததை யோசிக்க வேண்டும்.

அவன் தள்ளாடினாலோ, சோர்ந்து விழுந்தாலோ, உடல் வெட்டி இழுத்தாலோ, எண் 60க்குக் கீழே இருந்தாலோ தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடு. இழுப்பின்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதே. சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடாதே, கேட்டுவிட்டுப் போடு. ஊசி ரோமத்திலேயே சிந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை குத்தாதே. ஒரு வேளை மருந்து தவறினால் சமாளிக்கலாம், இரட்டை அளவு உயிருக்கே ஆபத்து.

இங்கே அம்மாவின் கண் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. வேறு செய்தி இல்லை.

அந்த முழு நாள் அளவெடுப்புக்கு அவனைப் பிடிக்க ஒருவர், காதில் குத்த ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை கூட இருப்பாரானால் நல்லது. இல்லையென்றால் காரணம் எதுவும் நீ எழுத வேண்டாம், தேதியை மட்டும் எழுது. நான் முந்தின நாளே வந்துவிடுகிறேன். அதுவரை அளவை ஏற்றாதே. மருத்துவரை இன்றே அழை.

அன்புடன்,
அப்பா