சருகுக் கோணிகளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கழிவையும் சருகையும் மக்கவைத்து உரமாக்கும் எங்கள் தொடக்கப்பள்ளித் தோட்டத்தின் உரத்தொட்டிகளை மூட வேண்டியதில்லை என்று இந்த வாரம் உறுதியாகிவிட்டது. தொட்டிகளில் நாற்றம் வருகிறது என்ற பேச்சு எழுந்து, அவற்றை மூட வேண்டிவருமோ என்ற நிலை வந்ததெல்லாம் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், திரும்பக் கிளறப் போவதில்லை. கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

காலையில் கூட்டிய சருகைக் குப்பைப் பையில் திணிக்காமல், காலி அரிசிக் கோணிகளில் நிரப்பி, மாடிப்படிக்கு அடியில் மரப்பலகை மேல் அடுக்கி வைத்தவர் அவர். யாரும் கேட்கவில்லை. தொட்டியில் நாற்றம் வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததும் தாமாகவே தொடங்கிவிட்டார். சருகை எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

சிற்றுண்டிச்சாலையிலிருந்து வரும் பழத்தோலும் காய்கறிக் கழிவும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு வாளி பச்சைக் கழிவுக்கு ஏறக்குறைய மூன்று வாளி உலர்ந்த சருகு போட வேண்டும். குறைந்தால் ஈரம் கீழே இறங்கித் தேங்கும், காற்று போகாது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகிய முட்டை நாற்றம் வரும். மூத்திர வாடை போல மூக்கைத் துளைத்தால் அது அம்மோனியா. பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து சருகுதான். ஆனால் சிங்கப்பூரில் மரத்துக்கா பஞ்சம்? உலர்ந்த சருகுக்குத்தான் பஞ்சம். பிற்பகல் மழை ஒன்று பெய்தால் போதும், தரையில் கிடப்பதெல்லாம் ஊறிப்போகும். காலையிலேயே கூட்டி, கூரையுள்ள நடைபாதையில் சிறிது நேரம் பரப்பிவிட்டு, மழைக்கு முன் கட்டி வைத்தால்தான் உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நெய்த கோணியில் காற்று ஓடும். அக்கா எடுத்தது கோணி.

இதைவிட எங்களை நெகிழ வைத்தது கோணியின் வாயில் இருந்த ராஃபியா கயிறு. சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் நீலம். சிவப்பு கட்டியதில் நாட்டுவாதுமை இலை மட்டும், அதாவது இங்கே எல்லாரும் கெத்தாப்பாங் என்று சொல்லும் மரத்தின் இலை. நீலம் கட்டியதில் தூங்குமூஞ்சி மரம், அங்சானா போன்றவற்றின் சிறிய இலைகள். பிரித்து வைக்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. வாதுமை இலை அகலமானது, தடித்தது. அப்படியே போட்டால் ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அடியில் காற்றே புகாது. கிழித்தோ நொறுக்கியோதான் போட வேண்டும். சிறிய இலைகளை நேராகவே கலந்துவிடலாம். இப்போது சிவப்புக் கோணியைக் கட்டியபடியே தரையில் கிடத்தி, தொடக்கநிலை 2 பிள்ளைகள் மேலேறி மிதிக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த இலை அதிலேயே நொறுங்கிவிடுகிறது. உறிஞ்சுகுழல், மிட்டாய்த் தாள் எல்லாவற்றையும் அக்கா பொறுக்கி எடுத்திருந்தார். அவை மக்காமல் கடைசியில் கத்திரிப் பாத்தியில் வந்து நிற்கும்.

கோணிகள் வந்தபின் வேலை ஒழுங்குக்கு வந்தது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி. அதன்மேல் சருகும் கழிவும் மாறி மாறி. மேலே எப்போதும் 5 சென்டிமீட்டர் சருகு மூடியிருக்க வேண்டும், அது இருந்தால் ஈ அண்டாது. கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வர வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1 மீட்டர் உள்ள குவியல் என்றால் நடுவில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், களை விதைகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். சிறிய தொட்டியில் அவ்வளவு சூடு ஏறாது. அங்கே பொறுமைதான் வேண்டும்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கோப்பிச் சக்கையை வடித்துத் தரும் பானக் கடை அங்கிள், தர்பூசணித் தோலைச் சின்னதாக நறுக்கித் தந்து, சோற்றையும் குழம்பையும் கலக்கவே விடாத பழக்கடை ஆன்ட்டி, ஒட்டுப்பலகைத் தூளை ஒதுக்கி வெறும் மரத்தூளை மட்டும் அனுப்பும் தச்சுப்பட்டறை அண்ணன், நான்கு மொழிகளிலும் வாளிகளுக்குப் பெயரெழுதிய ஆசிரியர்கள், நேரில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு எங்களுக்காகப் பேசிய எதிரிலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்பாளர்கள், எல்லாருக்கும் நன்றி. வார இறுதியில் தொட்டி மூடிகளிலும் தார்ப்பாய் மடிப்புகளிலும் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்க்கும் காவலாளி ஐயாவுக்குத் தனி நன்றி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். ஒரு சனிக்கிழமை தவறினாலும் ஆபத்துதான்.

சிங்கப்பூரின் சிமாக்காவ் குப்பை நிலம் 1999இல் திறக்கப்பட்டது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று பிள்ளைகள் வகுப்பில் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். மரம் நடும் நாளும் 1971 முதல் நடக்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நாளைவிட, மழைக்கு முன் சருகு அள்ளும் காலைகள்தான் பிள்ளையைப் பொறுப்பானவனாக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். அந்தக் காலைகளை இவ்வளவு நாள் அக்கா தனியாகச் சுமந்தார்.

இனி அப்படி இருக்காது. பிள்ளைகளின் தினசரித் துப்புரவு நேரத்திலேயே சருகு சேர்ப்பதும் வரும், சிவப்பும் நீலமும் அதே முறையில். ஜூன் விடுமுறைக்கும் ஆண்டிறுதி விடுமுறைக்கும் பெற்றோர் முறைவைத்து வந்து கிளறுவோம், நீர் தேங்குகிறதா என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன், நவம்பர் நடுவுக்குள், மாடிப்படிக்கு அடியில் இடம் கொள்ளும் மட்டும் கோணிகளை நிரப்பிவிடுவோம். அரிசிக் கோணி வைத்திருப்பவர்கள் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

அக்கா, முதல் பாத்தியில் வெண்டை காய்க்கத் தொடங்கிவிட்டது. முதல் பறிப்பு உங்களுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பள்ளித் தோட்டக் குழுவின் பெற்றோரும் ஆசிரியர்களும்