தானாகப் போகும் பில்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பவர்கள், ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர்கள் என்று உங்களில் பலர் பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டீர்கள். மாதம் பிறந்ததும் ஆயிரம் பில் வாட்ஸ்அப்பில் தானாகப் போய்விடுகிறது. எங்களுக்கும் இதில் சந்தோஷம்தான். ஆனால் "இனிமேல் கணக்கு ஆபீசுக்கு என்ன வேலை?" என்று இரண்டு பேர் நேரிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

பில் போடும் வேலை குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் எந்த விதிப்படி பில் போட வேண்டும் என்று சாஃப்ட்வேருக்கு யாராவது ஒருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கையால் எழுதும்போது ஒரு பில்லில் தப்பு வந்தால் அது ஒரு பில்லோடு போகும். விதியில் தப்பு இருந்தால் எல்லா பில்லிலும் வரும், மாதாமாதம் வரும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிராட்பேண்ட் நடத்தும் ஒரு வாடிக்கையாளரின் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் போனைக் கையில் நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "வீட்டைக் காலி பண்ணி நாலு மாசம் ஆச்சு தம்பி, இன்னும் பில் வருதே?" லைன்மேன் அன்றைக்கே இணைப்பை நிறுத்தியிருந்தார். யாருக்கெல்லாம் இணைப்பு உண்டு என்று பார்க்கும் ரேடியஸ் சர்வரில் பெரியவர் பெயர் இல்லை. பில்லிங் பட்டியலில் மட்டும் இருந்தது. அன்று மாலை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். இவரைப்போல 43 பேர், எல்லோரும் 599 ரூபாய் பிளான். வராத பணத்துக்கு எங்கள் வாடிக்கையாளர் நான்கு மாதமாக ஏறக்குறைய 15,700 ரூபாய் ஜிஎஸ்டி கட்டியிருந்தார். கிரெடிட் நோட் (போட்ட பில்லைக் குறைக்கும் சீட்டு) போட்டு அடுத்த ரிட்டர்னில் கழித்துக்கொண்டோம். ஆனால் பில்லிங் பட்டியலை அப்படியே வாங்கி ரிட்டர்ன் போட்டது நாங்கள்தான். அந்தத் தவறு எங்களுடையது. அதிலிருந்து இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்க்காமல் எந்த பிராட்பேண்ட் வாடிக்கையாளருக்கும் நாங்கள் ரிட்டர்ன் போடுவதில்லை.

பைசா கணக்கையும் பாருங்கள். 18 சதவீத வரியோடு சேர்த்து 599 என்றால் அடிப்படை விலை 507.63. மத்திய வரி 45.69, மாநில வரி 45.69. கூட்டினால் 599.01! ஒரு பைசா எங்கே போவது என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லாவிட்டால் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் ஒரு பைசா பாக்கி நிற்கும். 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு லெட்ஜர் திறந்தால் தீர்ந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் ஆண்டு முடிவில் ஆயிரம் பெயரைத் தேடி உட்காருவது சின்ன வேலை இல்லை.

ஏஎம்சி எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஜனவரி 15 முதல் ஓராண்டுக்கு 24,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் முன்பணமாக வாங்குகிறீர்கள். சேவைக்கு முன்பணம் வாங்கினாலே வரி வந்துவிடும்; அந்த 4,320 ரூபாயை ஜனவரி மாதக் கணக்கிலேயே கட்ட வேண்டும். வருமானம் அப்படி இல்லை. மார்ச் 31 வரை 76 நாள்தான் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய 5,000 ரூபாய்தான் இந்த ஆண்டு வருமானம், மீதி 19,000 அடுத்த ஆண்டுக்கு. பல சாஃப்ட்வேர் முழுத்தொகையையும் பில் தேதியிலேயே வருமானத்தில் போட்டுவிடுகிறது. இந்தப் பிரிப்பை நாங்கள் அமைத்துத் தருகிறோம்.

பாலக்காட்டு ஆபீஸ்களுக்கு ஏஎம்சி பார்க்கும் கோவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஆபீசின் ஜிஎஸ்டி எண் 32 (கேரளா) என்று தொடங்கினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் வரி), 33 (தமிழ்நாடு) என்றால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரியும். முகவரியைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வரி போடும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் யுபிஐ ஆட்டோபே, அதாவது மாதாமாதம் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் தானாக எடுப்பது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பதால், பில் தேதியையும் பணம் எடுக்கும் தேதியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்காரர்கள் தங்கள் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வங்கிக்கு அனுப்புவார்கள். வங்கியில் வந்த தொகையை மட்டும் வரவு வைத்தால் வருமானமும் குறையும், அந்த ஜிஎஸ்டிக்கு எடுக்க வேண்டிய இன்புட் கிரெடிட்டும் (கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) போகும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதலே இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) கட்டாயம். கம்பெனிகளுக்குப் போகும் பில்களில் ஐஆர்என் (அந்தப் பதிவு எண்) வருகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உங்கள் இடத்துக்கே வந்து அரை நாள் உட்கார்ந்து விதிகளைச் சரிபார்க்கிறோம். பிளான் பட்டியல், சென்ற மாத பில் பட்டியல், பிராட்பேண்ட் நடத்துகிறவர்கள் என்றால் ரேடியஸில் இயங்கும் இணைப்புகளின் பட்டியல், கேட்வே செட்டில்மென்ட் ரிப்போர்ட், இவற்றை எடுத்து வையுங்கள். 20-ஆம் தேதி வரை 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) வேலை இருக்கும். 21-ஆம் தேதிக்குப் பிறகு உங்களுக்கு வசதியான நாளை ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு ஆபீஸ்,
கோவை